ஃபிரான்சைஸ் ஸ்டுடியோவா, தனி மாஸ்டரா? – வாசகர் கேள்வி பதில்

ஜோடி நடனம் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எங்கே சேர்வது? 6 வருடம் ஒரு ஃபிரான்சைஸ் ஸ்டுடியோவில், அதாவது பெரிய கம்பெனியின் பெயரை வாங்கி நடத்தும் கிளையில், சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன், அப்புறம் 11 வருடமாக வாடகை ஹாலில் தனியாக நடத்துகிறேன். இரண்டு இடத்து உப்பையும் தின்றவள் என்பதால் மனதில் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

கே: நானும் கணவரும் ஐம்பதை நெருங்குகிறோம். வால்ட்ஸ், சல்சா மாதிரி ஜோடியாக ஆடும் நடனங்களைக் கற்க ஆசை. ஒரு பெரிய ஃபிரான்சைஸ் ஸ்டுடியோவில் முதல் வகுப்பு இலவசம் என்று போனோம். அரை மணி நேரத்தில் நிஜமாகவே ஆட வைத்துவிட்டார்கள், அப்படி ஒரு சந்தோஷம். முடிந்ததும் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, 100 வகுப்புப் பேக்கேஜுக்கு அன்றைக்கே கையெழுத்துக் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். தெரிந்தவர் ஒருவர் சொன்ன தனி மாஸ்டரும் இருக்கிறார். வாடகை ஹால், கட்டணம் பாதிதான். யாரிடம் போவது?

ப: கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தீர்களே, அதுவே பெரிய காரியம்.

அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் முதல் வகுப்பை அப்படி அமைத்திருப்பார்கள்: தரையில் ஒரு சதுரம் இருப்பதாக நினைத்துக்கொண்டு அதன் மூலைகளில் கால் வைக்கிற பாக்ஸ் ஸ்டெப், கையைத் தூக்கி ஒரு சுற்று, அவ்வளவுதான். கூட ஆடுகிற ஆசிரியர் தன் உடம்பாலேயே உங்களை நகர்த்திக்கொண்டு போவார், உங்களுக்கு நீங்களே ஆடுவது போல இருக்கும். நானும் எத்தனையோ முதல் வகுப்புகளை அப்படி எடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் இருவரும் மட்டும் ஆடிப் பார்த்தீர்களா? கையில் என்ன நின்றது என்பது அங்கேதான் தெரியும்.

ஃபிரான்சைஸ் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், அந்தச் சின்ன அறை எதற்கு என்பதும் புரிந்துவிடும். பெயர்ப்பலகை ஒரு கம்பெனியுடையது, கிளையை நடத்துகிறவர் வேறொருவர். பெயருக்கும் பாடத்திட்டத்துக்கும் அவர் முதலில் ஒரு தொகை கட்டுகிறார், பிறகு வருமானத்தில் ஒரு பங்கை ராயல்டியாகத் தொடர்ந்து கட்டுகிறார். இது நேற்று வந்த வியாபாரம் இல்லை. அமெரிக்காவில் ஆர்தர் மரே என்பவர் கால்தடங்களை வரைந்து தபாலில் விற்றே நடனம் சொல்லிக்கொடுத்தவர், 1938-லேயே தன் பெயரில் கிளை நடத்த மற்றவர்களுக்கு உரிமை கொடுக்கத் தொடங்கிவிட்டார். நடிகர் ஃபிரெட் அஸ்டேர் பெயரில் ஸ்டுடியோக்கள் வந்தது 1947-ல். நீங்கள் கட்டும் பணத்தில் ராயல்டி, வாடகை, விளம்பரம், பேக்கேஜ் விற்கிறவரின் சம்பளம் எல்லாம் போன பிறகு மிஞ்சுவதில்தான் ஆசிரியருக்குப் பங்கு. தனி மாஸ்டர் ஹாலுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்கிறார். கட்டணம் பாதி என்பதால் பாடமும் பாதிதான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

அதே சமயம் ஸ்டுடியோவில் நிஜமான வசதிகள் உண்டு. தனி வகுப்பு, குரூப் கிளாஸ், வாரம் ஒரு பயிற்சி மாலை, மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும். இதில் பயிற்சி மாலையைக் குறைவாக எடை போடாதீர்கள். விளக்கைக் குறைத்து, பாட்டை மாற்றி மாற்றிப் போட்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரோடும் ஆட வைப்பார்கள். அங்கேதான் கால் நினைவில் நிற்கும். கணவன் மனைவி மட்டும் வாரக்கணக்கில் ஒருவரோடு ஒருவர் ஆடினால் ஒருவர் தப்பை இன்னொருவர் சமாளித்துப் பழகிவிடுவார்கள், அப்புறம் 'நீதான் தப்பு, நீதான் தப்பு' என்று சண்டையும் வரும். எத்தனை ஜோடிகள் பேசாமல் காரில் ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறேன்! ஒரு ஆசிரியருக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்னொருவர் இருப்பார். தனி மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்தால் வகுப்பு இல்லை.

ஆனால் ஸ்டுடியோ ஆசிரியர் எல்லோரும் தேர்ந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு, அதனால் நடனமே தெரியாதவர்களைக்கூடச் சேர்த்து உள்ளேயே பயிற்சி கொடுத்துச் சீக்கிரம் தளத்தில் இறக்குவார்கள். நான் சேர்ந்த புதிதில் காலையில் கற்ற ஸ்டெப்பைச் சாயங்காலம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த மாணவர்களை நினைத்தால் இன்றைக்கும் உறுத்துகிறது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, 'எங்களுக்கு யார் எடுப்பார், அவர் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்' என்பதுதான்.

இப்போது அந்த 100 வகுப்பு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 37 வயதுக்காரர் ஒருவர் 1959-ல் மூன்று இலவச வகுப்புக்கான சீட்டோடு ஆர்தர் மரே ஸ்டுடியோவுக்குப் போனார். 'உங்களிடம் அபாரத் திறமை இருக்கிறது' என்றார்கள். மேலும் மேலும் ஒப்பந்தம் போட்டுக் கடைசியில் 2,734 மணி நேர வகுப்புக்கு 24,812 டாலருக்கு மேல் கட்டிவிட்டார். 1961-ல் கார் விபத்தில் பலத்த அடி, இனி ஆடவே முடியாது. ஒப்பந்தத்தில் 'ரத்து செய்ய முடியாது' என்று கொட்டை எழுத்தில் இருந்ததால் ஸ்டுடியோ பணத்தைத் திருப்பித் தர மறுத்தது. கோர்ட்டுக்குப் போய்த்தான் ஒப்பந்தங்கள் ரத்தாகின, மேல்கோர்ட் அதை உறுதி செய்தது 1973-ல். ஜெயித்தார், சரி, ஆனால் எத்தனை வருட அலைச்சல் பாருங்கள்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் தனி மாஸ்டரிடம் நாலைந்து வகுப்புகளுக்கு வகுப்புக்கு வகுப்பு பணம் கொடுத்துப் பார்ப்பேன். பயிற்சி மாலைக்கு வெளி ஆட்களை நுழைவுக் கட்டணத்தோடு விடுகிற இடம் ஒன்றைத் தேடி அங்கேயும் போவேன். ஸ்டுடியோதான் பிடித்திருக்கிறது என்றால் அதிலும் தப்பில்லை, இருப்பதிலேயே சின்னப் பேக்கேஜை வாங்குங்கள். பாதியில் நின்றால் மீதிப் பணம் திரும்புமா, எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், ஒரு வகுப்பு 60 நிமிடமா 45 நிமிடமா, இந்த மூன்றுக்கும் பதில் எழுத்தில் இருக்கட்டும். 'இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை' என்றால் இன்றைக்கு வாங்காதீர்கள்.

கே: 8 மாதம் ஃபிரான்சைஸ் ஸ்டுடியோவில் ரும்பா கற்றேன். இப்போது வந்திருக்கும் தனி மாஸ்டர், 'அடிப்படையே தப்பு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்' என்கிறார். ஏமாந்துவிட்டேனா?

ப: இல்லை. உங்களுக்குக் கிடைத்தது ஒரு வகை ரும்பா, அவர் எடுப்பது இன்னொரு வகை. யாராவது இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

ஜோடி நடன உலகத்தில் அமெரிக்கன் ஸ்டைல், இன்டர்நேஷனல் ஸ்டைல் என்று இரண்டு உண்டு. அமெரிக்காவில் தோன்றிய ஃபிரான்சைஸ்கள் பெரும்பாலும் முதலாவதில்தான் தொடங்கும். அதில் ரும்பா என்றால் பாக்ஸ் ஸ்டெப்: ஸ்லோ, குயிக், குயிக் என்று எண்ணி, முழங்காலை லேசாக மடித்துக் காலை வைத்து, அப்புறம் எடையை இறக்கி நிமிர்த்துவீர்கள், இடுப்பு தானாக அசையும். இன்டர்நேஷனலில் பாக்ஸ் கிடையாது. தாளத்தின் இரண்டாவது எண்ணில் முன்னாலோ பின்னாலோ கால் வைத்து 2, 3, 4, 1 என்று எண்ணுவார்கள், எடை ஏறும் காலின் முழங்கால் நேராக இருக்க வேண்டும். முதலாவதில் பழகிய கால் இரண்டாவதுக்கு வரும்போது தடுமாறத்தான் செய்யும். வால்ட்ஸிலும் இதே கதைதான், இன்டர்நேஷனலில் கடைசி வரை பிடித்த பிடி விடாமல் ஆட வேண்டும், அமெரிக்கன் ஸ்டைலில் கையை விட்டுப் பிரிந்தும் ஆடலாம்.

8 மாதம் வீண் போகவில்லை. தாளம் கேட்கும் காதும், எதிரில் இருப்பவரின் கையை உணர்கிற உடம்பும் உங்களோடு வந்திருக்கின்றன. ஆனால் மாஸ்டர் பேசிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. முந்தைய ஆசிரியரின் வேலை எல்லாம் தப்பு என்று சொல்லி மாணவரைப் பிடிக்கிறவர்கள் தனி ஆசிரியர்களிலும் நிறைய. 'எனக்கு எந்த ஸ்டைல் வேண்டும், எதற்காக' என்று அவரிடம் நேராகப் பேசுங்கள். கல்யாணம், விசேஷம், நண்பர்கள் கூடும் இடத்தில் ஆடினால் போதும் என்றால் உங்கள் பாக்ஸ் ஸ்டெப்பை யாரும் குறை சொல்லப் போவதில்லை.

கே: ஸ்டுடியோவில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை வேலையை விட்டுவிட்டுத் தனியாக எடுக்கிறார். அவரிடமே போக ஆசை. இன்னும் 30 வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறேன். அவரோடு பேசவே கூடாது என்று ஸ்டுடியோவில் சொல்கிறார்கள்.

ப: யாரோடு பேசுவது என்று உங்களுக்கு உத்தரவு போட அவர்களால் முடியாது. வேலையை விட்ட பிறகு குறிப்பிட்ட காலத்துக்குப் பழைய மாணவர்களை எடுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அது ஆசிரியையின் கட்டுப்பாடு. அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் செல்லவே செல்லாது. ஆனால் மாட்டிக்கொள்வது அவர்தான். அதனால் அவரிடம், 'உங்களுக்குச் சிக்கல் வராதா' என்று முதலில் கேளுங்கள். 'ஆறு மாதம் பொறுங்கள்' என்று சொன்னால் பொறுங்கள்.

அந்த 30 வகுப்பைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தை எடுத்து வைத்துப் படியுங்கள். குறிப்பிட்ட ஆசிரியரின் பெயர் அதில் இருக்காது, ஸ்டுடியோ யாரை வைத்து வேண்டுமானாலும் வகுப்பை முடிக்கலாம் என்றுதான் இருக்கும். சில நாடுகளிலும் மாநிலங்களிலும் நடன வகுப்பு ஒப்பந்தங்களுக்கென்றே சட்டம் உண்டு, பாதியில் விலகும் உரிமை அதில் வரும். கேட்டுப் பாருங்கள், அதுவும் எழுத்தில். வாயால் கேட்டால் 'மேனேஜர் வரட்டும்' என்பார்கள், மேனேஜர் வரவே மாட்டார். பணம் திரும்பாது என்றால் 30-ஐயும் முடித்துவிட்டுப் போங்கள். ஸ்டுடியோ அனுப்பும் புது ஆசிரியர் கண்ணுக்கு, பழையவர் பார்க்காமல் விட்ட தப்பு ஒன்றிரண்டு நிச்சயம் தெரியும்.

கே: 8 வயது மகள் பாலே கற்கிறாள். பல கிளைகள் உள்ள பள்ளி. அடுத்த நிகழ்ச்சிக்கு பாயின்ட் ஷூ வாங்கச் சொல்கிறார்கள். அங்கேயே தொடரலாமா, தனி ஆசிரியையைத் தேடவா?

ப: ஷூ வாங்காதீர்கள். இதில் ஃபிரான்சைஸா தனியா என்ற பேச்சுக்கே இடமில்லை.

பாயின்ட் ஷூவில் உடம்பின் மொத்த எடையும் கால்விரல் நுனியில் நிற்கிறது. 8 வயதில் பாத எலும்புகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். சில வருடம் ஒழுங்காக பாலே பயின்று, கணுக்கால், பாதம், இடுப்பு, முதுகு எல்லாம் வலுவான பிறகு, பொதுவாக 11, 12 வயதுக்கு அப்புறம்தான் அதைப் பற்றிப் பேசவே வேண்டும். வயது வந்துவிட்டால் மட்டும் போதாது, ஒவ்வொரு குழந்தையின் காலையும் தனித்தனியே பார்த்துத்தான் நல்ல ஆசிரியர்கள் அனுமதி கொடுப்பார்கள். நிகழ்ச்சிக்காக வகுப்பு மொத்தத்துக்கும் ஷூ வாங்கச் சொல்கிறவர்களிடம் என் குழந்தையை விட மாட்டேன். போகிற புது இடத்திலும், அது தனி ஆசிரியை வீடாகவே இருந்தாலும், வகுப்பு நடக்கும்போது நீங்கள் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால் வந்துவிடுங்கள். தரையையும் தட்டிப் பாருங்கள், கான்கிரீட்மேல் ஓடு பதித்த தரையில் குதித்து ஆடினால் முழங்காலும் கணுக்காலும் போய்விடும்.

கே: தனி ஆசிரியர் நல்லவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? யார் வேண்டுமானாலும் 'டான்ஸ் மாஸ்டர்' என்று போர்டு மாட்டலாமே?

ப: மாட்டலாம், மாட்டுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் நடனம் சொல்லிக்கொடுக்க உரிமம் எதுவும் தேவையில்லை. சான்றிதழ் ஒரு அளவுக்கு உதவும். லண்டனில் 1904-ல் தொடங்கிய இம்பீரியல் சொசைட்டி ஆஃப் டீச்சர்ஸ் ஆஃப் டான்சிங் போன்ற அமைப்புகள் ஆசிரியர்களுக்கே தேர்வு வைக்கின்றன, பாஸ் செய்தவருக்கு ஸ்டெப்பின் பெயர், பாதம் எங்கே வருகிறது, எடை எப்போது மாறுகிறது என்பதெல்லாம் அத்துப்படியாக இருக்கும். சல்சா, டாங்கோ மாதிரி நடனங்களில் எந்தச் சான்றிதழும் இல்லாத அற்புதமான ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று, அவருடைய மாணவர்களை. அவர் ஆடும் வீடியோவைப் பார்த்து மயங்காதீர்கள், அழகாக ஆடுவது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு. 'இரண்டு வருடமாக வருகிறவர் யாராவது இருக்கிறார்களா, அவர்கள் வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா' என்று கேளுங்கள். அந்த மாணவர் தன் ஆசிரியரோடு ஆடுவதைப் பார்த்தால் போதாது, ஆசிரியர் தாங்கிப் பிடித்துவிடுவார். இன்னொரு மாணவரோடு ஆடச் சொல்லிப் பாருங்கள்.

போன வருடம் அப்படி ஒரு மாஸ்டரின் வகுப்பைப் போய்ப் பார்த்தேன். ஒரு அம்மாவுக்குத் திரும்பும்போது நிலை தடுமாறிக்கொண்டே இருந்தது. மாஸ்டர் பாட்டை நிறுத்தவில்லை, 'இன்னும் வேகமாகத் திரும்புங்கள்' என்று கத்தவில்லை. பக்கத்தில் போய் அந்த அம்மாவின் ஷூவைப் பார்த்தார், தரையைப் பிடித்துக்கொள்ளும் ரப்பர் அடிப்பாகம். கழற்றச் சொல்லி சாக்ஸோடு நிற்க வைத்து, 'இடது கால் கட்டை விரலை மட்டும் தரையில் அழுத்துங்கள்' என்றார். அந்த அம்மா அழுத்தினார், திரும்பினார், நின்றார். மொத்தம் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். என்ன தப்பு என்று பார்க்கத் தெரிந்து, அதில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் கிடைத்தால் அந்த ஹாலில் விசிறி ஓடாவிட்டாலும் சேருங்கள்.

தனி ஆசிரியரிடமும் மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். வரமுடியாத நாளை எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும், அவர் வராவிட்டால் என்ன, இதையெல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள். பேச வெட்கப்பட்டுப் பிறகு மனக்கசப்பில் முடிந்ததைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன், என் வகுப்பிலும் நடந்திருக்கிறது.

கே: ஜும்பா வகுப்பும் ஃபிரான்சைஸ்தானா?

ப: இல்லை, பாட்டுக்கு ஆடியபடியே உடற்பயிற்சி செய்கிற அந்த வகுப்பு உரிமம் முறையில் நடப்பது. பயிற்சி முடித்த ஆசிரியர் அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமம் வாங்கிக்கொண்டு தன் விருப்பப்படி எங்கே வேண்டுமானாலும் வகுப்பு எடுப்பார். ஆகவே பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆளுக்கு ஆள் வகுப்பு மாறும். ஒன்று பிடிக்கவில்லை என்றால் அடுத்தவரிடம் போய்ப் பாருங்கள்.

கே: எனக்கு 63 வயது. மனைவி காலமாகி மூன்று வருடம். ஒரு ஃபிரான்சைஸ் ஸ்டுடியோவில் ஒன்றரை வருடமாகப் போகிறேன். வாரத்தில் எனக்கு வெளிச்சமான நாள் என்றால் அந்த வகுப்பு நாள்தான். இப்போது ஆசிரியையோடு ஜோடியாகப் போட்டியில் ஆட வேண்டும், அடுத்து சில்வர் லெவல் பேக்கேஜ் எடுக்க வேண்டும் என்கிறார்கள். மகன் 'உங்களை ஏமாற்றுகிறார்கள் அப்பா' என்று கோபப்படுகிறான். ஸ்டுடியோவை விட்டால் எனக்கு யாரும் இல்லை. என்ன செய்ய?

ப: ஐயா, உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ஒரு ஆள் வாரம் ஒரு நாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்துக்குப் போய், பாட்டுக்கு ஆடிவிட்டு வருவதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அதற்குப் பணம் கொடுப்பதிலும் தப்பில்லை. மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் அவர் பயப்படுவதிலும் அர்த்தம் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் 1968-ல் மேல்கோர்ட் வரை போன வழக்கு ஒன்று உண்டு. 51 வயது விதவை ஒருவர், 14 டாலர் 50 சென்ட்டுக்கு அரைமணி வகுப்புகள் எட்டு வாங்கி ஆர்தர் மரே கிளை ஒன்றில் தொடங்கினார். 16 மாதத்துக்குள் 2,302 மணி நேர வகுப்புக்கு 31,090 டாலர் கட்டியிருந்தார். பிராண்ஸ், சில்வர், கோல்ட் என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனார்கள், நன்றாக முன்னேறுகிறீர்கள் என்று புகழ்ந்தார்கள், ஆனால் நிஜத்தில் அவருக்குத் தாளமே பிடிபடவில்லை என்று அவருடைய புகாரிலேயே இருக்கிறது. நடனம் தெரிந்தவர் தெரியாதவரிடம் சொல்லும் புகழ்ச்சியை வெறும் கருத்து என்று தள்ளிவிட முடியாது என்று சொல்லி, வழக்கை விசாரிக்கவேண்டும் என்று அந்தக் கோர்ட் தீர்ப்பளித்தது.

உங்கள் ஆசிரியை அப்படிப்பட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் உங்களை மதிக்கலாம், உங்கள் முன்னேற்றத்தில் நிஜமாகவே சந்தோஷப்படலாம். அவருக்கு மாதா மாதம் விற்பனை இலக்கும் இருக்கலாம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும், நானே அப்படி இருந்தவள்தான். எனக்கு மிகவும் பிடித்த மாணவரிடமே பெரிய பேக்கேஜ் விற்றுவிட்டு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன். அந்த வேலையை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆசிரியையோடு ஆடும் போட்டி என்றால், ஒவ்வொரு நடனத்துக்கும் தனித்தனி நுழைவுக் கட்டணம், ஆசிரியையின் நாள் சம்பளம், இரண்டு பேருக்கும் பயணம், தங்குமிடம், உடை, அதற்கு முன்னால் கூடுதல் வகுப்புகள் எல்லாம் உங்கள் தலையில்தான். மொத்தத் தொகையை ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளை மகனிடம் காட்டுங்கள். மேடையில் ஆட வேண்டும் என்று உங்களுக்கே ஆசை இருந்து, தொகையும் தாங்கும் என்றால் போய் ஆடுங்கள், நான் கைதட்டுவேன். 'வேண்டாம் என்றால் அவர்கள் முகம் மாறிவிடுமோ' என்ற பயத்தில் மட்டும் பெயர் கொடுக்காதீர்கள்.

மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முதலில் நீங்களே முடிவு செய்து, அதைத் தாண்டுகிற எதற்கும் 'அடுத்த வாரம் சொல்கிறேன்' என்று மட்டும் பதில் சொல்லுங்கள். உங்கள் ஊரில் தனி ஆசிரியர்கள் நடத்தும் குரூப் கிளாஸ் ஒன்றையும் தேடிப் போய் வாருங்கள். அங்கே இரண்டாவது ஒரு கூட்டம் பழக்கமாகட்டும், அப்போது ஸ்டுடியோவில் 'முடியாது' என்று சொல்லவும் தைரியம் வரும். ஆண்கள் எண்ணிக்கை எப்போதும் குறைவாக இருக்கும் அந்த வகுப்புகளில் ஒன்றரை வருடம் பழகிய உங்களை வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள். முதல் நாள் போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.